மாலத்தீவு லைவ்அபோர்டு: நீரோட்டம் கொஞ்சம் பிடிபட ஆரம்பித்திருக்கிறது

அந்தமானின் ஹேவ்லாக்கில் ஓப்பன் வாட்டர், புதுச்சேரியில் அட்வான்ஸ்டு, அப்புறம் நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த காற்று) என்று ஸ்கூபா டைவிங் படிப்புகளை ஒவ்வொன்றாக முடித்துவிட்டு, நீரோட்டத்தில் டைவ் அடிக்கப் பழக வேண்டும் என்பதற்காகவே பிப்ரவரியில் மாலத்தீவில் ஒரு லைவ்அபோர்டு படகில் ஏறினேன். படகிலேயே தூக்கம், படகிலேயே சாப்பாடு. விடிந்ததும் ஒரு டைவ், காலைச் சாப்பாடு முடிந்து ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று, சில நாள் ராத்திரியும் ஒன்று. சுறா, மந்தாத் திருக்கை எல்லாம் சரிதான், ஆனால் எனக்கு இதில் பிடித்தது வேறு: மதியம் சரியாக வராத ஒரு விஷயத்தை மறுநாள் விடிகாலையிலேயே திரும்பச் செய்து பார்க்கலாம். ஊரிலிருந்து எப்போதாவது போய்விட்டு வரும் டைவ்களில், அடுத்த முறை தண்ணீரில் இறங்குவதற்குள் உடம்பு பாதியை மறந்துவிடுகிறது.

டைவ் சாமான் எதுவும் பெரிய படகில் இருக்காது. கூடவே ஒரு தோணி வரும், கம்ப்ரசர், சிலிண்டர், எல்லாருடைய பிசிடி (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் அங்கி), காலில் மாட்டும் துடுப்பு எல்லாம் அதில்தான். நைட்ராக்ஸ் எடுப்பவர்கள் ஒவ்வொரு டைவுக்கு முன்னும் தன் சிலிண்டரைத் தானே அளந்து, ஆக்சிஜன் சதவீதத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலை ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் தினம் மூன்று நான்கு டைவ் என்றால் நைட்ராக்ஸ் இல்லாமல் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். 30 மீட்டரில், ஏறும்போது கட்டாய நிறுத்தம் இல்லாமல் தங்க, சாதாரணக் காற்றுக்கு அட்டவணை கொடுப்பது 20 நிமிடம், 32 சதவீத நைட்ராக்ஸுக்கு 30 நிமிடம். கீழே சுறாவுக்காகக் காத்திருக்கும்போது அந்தப் பத்து நிமிடத்தின் அருமை தெரியும்.

பிப்ரவரி என்றால் வடகிழக்குப் பருவம், நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். அடோல்களின் (வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டங்கள்) கிழக்கு வாய்க்கால்கள் வழியாகத் திறந்த கடலின் தெளிந்த தண்ணீர் உள்ளே வரும், அந்த வாசலில் சுறாக்கள் நிற்கும். உள்ளே புகுந்த தண்ணீர் பிளாங்டனை (மிதக்கும் நுண்ணுயிர்களை) அள்ளிக்கொண்டு மேற்குப் பக்கமாக வெளியேறும், அதனால் அதைத் தின்னும் மந்தாக்கள் மேற்கில். தென்மேற்குப் பருவத்தில் இது அப்படியே தலைகீழ். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு, படகு ஏன் வாவு அடோலின் கிழக்கு ஓரத்தில் ஆரம்பித்து ஆரி அடோலின் மேற்குக்குப் போகிறது என்பது தானாகவே விளங்கிவிட்டது.

வாவுவில் மியாரு கண்டு. கண்டு என்றால் இரண்டு பாறைத்திட்டுக்கு நடுவே உள்ள வாய்க்கால். இங்கே மேலே மிதந்துகொண்டு கூட்டம் சேர்வதெல்லாம் கிடையாது. பிசிடியில் காற்றே இல்லாமல் குதித்து, குதித்த வேகத்திலேயே தலைகீழாக இறங்கி, வாசலின் விளிம்பைப் பிடித்தாக வேண்டும். தாமதித்தால் நீரோட்டம் உள்ளே தள்ளிவிடும், அவ்வளவுதான், அந்த டைவ் போச்சு. இறங்கும்போதே, அழுத்தத்தில் அடைக்கும் காதைத் திறந்துகொண்டே போவதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. மூக்கைப் பிடித்து ஊதுவதோடு தாடையை முன்னால் தள்ளி விழுங்கவும் செய்தால் சட்டென்று திறக்கிறது என்பதைக் கண்டுகொண்டதிலிருந்து பரவாயில்லை. விளிம்பில் உயிரில்லாத பாறையாகப் பார்த்து கயிறு கட்டிய கொக்கியை மாட்டி, பிசிடிக்குள் கொஞ்சமே கொஞ்சம் காற்று விட்டால் உடம்பு பட்டம் மாதிரி எழும்பி நின்றுவிடுகிறது. கை கால் எதையும் ஆட்ட வேண்டாம். எதிரே சாம்பல் நிறப் பாறைச் சுறாக்கள் அதே நீரோட்டத்தில் வாலைச் சும்மா அசைத்தபடி நிற்கின்றன. முதலில் தூரத்தில்தான் இருந்தன. எல்லாரும் அசையாமல் தொங்க ஆரம்பித்ததும் ஒன்றிரண்டு பக்கத்தில் வந்து, கண்ணைத் திருப்பி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயின. 2010இல் நாடு முழுவதும் சுறா பிடிக்கத் தடை போட்டார்கள், அதனால்தான் இப்படி வாசலுக்கு வாசல் பார்க்க முடிகிறது.

அசையாமல் இருப்பதில் காற்றும் மிச்சம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறேன் என்று கடல் மேல்மட்ட அழுத்தத்தின் கணக்காக மாற்றி எழுதி வைக்கிறேன். அந்தமானில் 22 அளவில் இருந்தது, இந்தப் பயணத்தின் கடைசியில் 17. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். 12 லிட்டர் சிலிண்டரில் 140 பார் அழுத்தம் செலவழிக்கலாம், சராசரி ஆழம் 15 மீட்டர் என்று வைத்தால், 22க்கு அரை மணி நேரம், 17க்கு 40 நிமிடம். இதற்காக மூச்சை அடக்கவெல்லாம் இல்லை, அது ஆபத்து. இடுப்பில் எடையை 6 கிலோவிலிருந்து 4 ஆகக் குறைத்தேன், கையைக் கட்டிக்கொண்டு நீந்தினேன், பாறையின் மறைவில் தங்கினேன். எடை குறைந்ததும் பிசிடியில் காற்றை ஏற்றி இறக்கும் வேலையே பாதியாகிவிட்டது. முன்பெல்லாம் முதல் ஆளாக மேலே வருவது நான்தான், இப்போது கூட வந்த நண்பர் "என்னங்க, உங்க சிலிண்டர் மட்டும் பெருசா?" என்று கேட்கும் அளவுக்கு வந்திருக்கிறது.

ராத்திரி டைவில் மறக்க முடியாதது வட ஆரியின் மாயா திலா. திலா என்பது மேல்மட்டம் வரை எட்டாத, கடலுக்குள்ளேயே நிற்கும் குன்று. இது சின்னது, ஒரே டைவில் சுற்றி வந்துவிடலாம். வெண்முனைச் சுறாக்கள் பாறை இடுக்கெல்லாம் மூக்கை நுழைத்துத் தேடுகின்றன, மொரே விலாங்கு பொந்தை விட்டு வெளியே வந்து நீந்துகிறது. பெரிய பாறை மீன்கள் இருக்கின்றனவே, அவை நம் டார்ச்சையே வேட்டைக்குப் பயன்படுத்துகின்றன. தோளுக்குப் பக்கத்தில் இருட்டில் வந்துகொண்டே இருக்கும், நாம் ஒரு சின்ன மீன் மேல் வெளிச்சத்தை நிறுத்தினால் காதோரம் ஒரு பாய்ச்சல், மீன் இருந்த இடத்தில் நாலைந்து செதில் மட்டும் வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு இறங்கும். அதன் பிறகு தூங்கும் கிளிமீன் மேல் டார்ச்சை நேராக அடிக்காமல் மணல் பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்தேன்.

வாவுவிலேயே ஒரு தீவின் தோணித்துறைக்கு அடியிலும் ராத்திரி இறங்கினோம். செவிலிச் சுறாக்களும் திருக்கைகளும் மேலே விழுந்து மோதும் அளவுக்குக் கூட்டம். பலருக்கு அதுதான் பயணத்தின் உச்சம், எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மீன் கழிவுக்குப் பழகி வந்த கூட்டம், ஆட்களும் அதே அளவு கூட்டம், யார் துடுப்பு யார் முகத்தில் என்றே தெரியவில்லை.

மந்தாவுக்கு ரங்காலி மடிவரு. நம் மீனவர்கள் கொம்புத் திருக்கை என்பார்களே, அந்த இனம். துப்புரவு மீன்கள் இருக்கும் பாறைக்கு வந்து, வேகத்தைக் குறைத்து, நீரோட்டத்துக்கு எதிராக அப்படியே நிற்கும். விரல் நீள மீன்கள் செவுளுக்குள் புகுந்து ஒட்டுண்ணியைப் பொறுக்குகின்றன. நாங்கள் பாறைக்குச் சற்று கீழே, ஒரு பக்கமாக ஒதுங்கிக் காத்திருந்தோம். வந்தது மூன்றரை மீட்டர் அகலம் இருக்கும். தலைக்கு மேலே திரும்பியபோது வெள்ளை வயிற்றில் கறுப்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொரு மந்தாவுக்கும் இந்தப் புள்ளிக்கோலம் வேறு, ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்துத்தான் ஆள் அடையாளம் காண்கிறார்கள். வேறு படகிலிருந்து வந்த ஒருவர் குச்சிக் கேமராவோடு பாறைக்கு மேலேயே நீந்திப் போனார், மந்தா இறக்கையை ஒரு தட்டுத் தட்டியது, ஆளைக் காணோம். காத்திருந்த எல்லாருக்கும் வயிற்றெரிச்சல்.

தென் ஆரியில் திமிங்கலச் சுறாவுக்கு சிலிண்டர் தேவைப்படவில்லை. தோணியின் கூரை மேல் பையன்கள் நின்று கரும்நிழலைத் தேடுகிறார்கள், கத்தியதும் மாஸ்க், துடுப்போடு குதிக்க வேண்டியதுதான். அங்கே வருபவை பெரும்பாலும் வளராத இளம் ஆண்கள், இருந்தாலும் பக்கத்தில் பார்த்தால் சின்னது என்று சொல்ல மனம் வராது. மூன்று மீட்டராவது தள்ளி இருக்கச் சொன்னார்கள், சொல்லாமலே இருந்திருப்பேன். அது நிதானமாகப் போவது போலத்தான் தெரிகிறது, கூடப் போக நான் முழு மூச்சில் துடுப்படிக்க வேண்டியிருந்தது.

பவளம் பார்க்கவே போகிறவர்கள் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். 1998லும் 2016லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததன் தடம் ஆழம் குறைந்த இடங்களில் நன்றாகத் தெரிகிறது. மேலே உடைந்த கிளைகள், நடுவே புதிதாகத் துளிர்க்கும் மேசைப் பவளம். வாய்க்கால்களின் மென்பவளம் பரவாயில்லை.

இனி பாக்கி வேலை: மிதவைக் குழாயை ஐந்து மீட்டரில் நின்றபடி மேலே அனுப்பும்போது நானும் ஒரு மீட்டர் ஏறிவிடுகிறேன், ரீலை விடும் கையும் மூச்சும் ஒத்துவரவில்லை. மாலத்தீவில் இது இல்லாமல் நடக்காது, நீரோட்டம் எங்கோ கொண்டுபோய் விட்டபின் தோணிக்காரர் அந்த ஆரஞ்சுக் குழாயைப் பார்த்துத்தான் வந்து பொறுக்குவார். புதுச்சேரியில் கடல் தெளியும் மாதத்தில் நாலு டைவ் அடித்து இதை மட்டும் பழகப் போகிறேன். டைவ் கம்ப்யூட்டரும் (ஆழம், நேரம் காட்டும் கைக்கருவி) சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும், வாடகைக்கு எடுத்ததில் பேட்டரி குறியீடு பயணம் முழுக்க மினுக்கிக்கொண்டே இருந்தது.