மூச்சிரைப்புக்கு மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா? நீலகிரிவாசிகளுக்குச் சில விவரங்கள்

மஞ்சூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ விடிகாலை பஸ் பிடித்து உதகைக்கு வந்து, மாற்றுத்திறனாளிகள் முகாமில் அரை நாள் வரிசையில் நின்று, "இதுக்கு அட்டை கிடையாதும்மா" என்ற ஒற்றை வரியோடு திரும்பும் நுரையீரல் நோயாளிகளுக்காகத்தான் இந்தப் பதிவு. மூச்சு வாங்குகிறவரை இப்படி அலையவிடக் கூடாது.

முதலில் சட்டம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் நுரையீரல் நோய் இல்லை. ஆஸ்துமா, சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய், காசநோய் ஆறிய பிறகு மிஞ்சும் நுரையீரல் தழும்பு என எதுவுமே இல்லை. வீட்டில் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டிருப்பவருக்கும் இதே நிலைதான். எந்தத் தலைப்பில் சதவீதம் போடுவது என்று கேட்டால் படிவத்தில் இடமே கிடையாது. டாக்டர் மனசு வைத்தாலும் எழுத முடியாது. இது பெரிய அநியாயம். அந்த அட்டவணையின் கடைசி வரி, மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையையும் சேர்க்கலாம் என்கிறது. அதாவது, சட்டத்தைத் திருத்தக்கூட வேண்டாம், ஓர் அறிவிக்கை போதும். மனு எழுதுகிறவர்கள் இந்த வரியைச் சுட்டி எழுதுங்கள்.

ஆனால் மூச்சுத்திணறலுக்கு மூலகாரணம் பட்டியலில் இருந்தால் கதை வேறு. முதுகெலும்பு கூனி மார்புக்கூடு நெருக்கப்பட்டவர் உடல் இயக்கக் குறைபாட்டில் வருவார். தசைச்சிதைவு நோய் தனி வகை. கூடலூர், பந்தலூர் பக்கம் பணியர், குறும்பர் குடும்பங்களில் காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகையும் பட்டியலில் உண்டு. அந்த நோய் நுரையீரலையும் தாக்கும். இப்படிப்பட்டவர்கள் "மூச்சு விட முடியலை" என்று விண்ணப்பிக்காமல், அந்த மூல நோயின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். இரண்டு குறைபாடு இருந்தால் நேராகக் கூட்டிவிட மாட்டார்கள். பெரியது 40, சிறியது 30 என்றால் 70 ஆகாது. 90-லிருந்து 40-ஐக் கழித்து, வரும் 50-ஐ 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்து, 40-உடன் கூட்டினால் ஏறக்குறைய 57 வரும்.

மற்றவர்களுக்கு என்ன வழி? 60 வயது ஆகியிருந்து ஆதரவற்ற நிலையில் இருந்தால் முதியோர் உதவித்தொகை. 2023 ஆகஸ்டில் அதை ரூ.1,200 ஆக உயர்த்தினார்கள். இ-சேவை மையத்தில் பதிந்தால் விஏஓ விசாரணைக்குப் பிறகு தாலுகா அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி தாசில்தாரிடம் போகும். இங்கே நுரையீரல் ரிப்போர்ட்டைவிட வயதுதான் முக்கியம். ஆதாரில் பிறந்த வருடம் தப்பாக இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். வருட வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துவையுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது அது கைகொடுக்கும்; வெளியில் காசு கொடுத்து வாங்கும் இன்ஹேலருக்கு உதவாது. இன்ஹேலரை அரசு மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குங்கள்.

வேலையால் வந்த நோய் என்றால் அது வேறு கதவு. 1923 முதல் இருந்துவந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. அதன் தொழில்நோய்ப் பட்டியலில் கல்தூசியால் வரும் சிலிகோசிஸும் உண்டு, வேலையிடத்து ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவும் உண்டு. தேயிலை ஃபேக்டரியில் சலிப்பு அறையிலும் டிரையர் பக்கத்திலும் பல வருடம் நின்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டாக்டர் சீட்டில் வெறுமனே "ஆஸ்துமா" என்று எழுதியிருந்தால் அது வேலையால் வந்தது என்று நிரூபிக்க முடியாது. மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கி, நான்கு வாரம், தினமும் குறைந்தது நான்கு வேளை ஊதிக் குறியுங்கள். ஒவ்வொரு வேளையும் மூன்று முறை ஊதி, அதிகமான எண்ணை மட்டும் எழுதுங்கள். எது வேலை நாள், எது லீவு நாள் என்று பக்கத்திலேயே போடுங்கள். வேலை நாளில் எண் இறங்கி, லீவில் ஏறினால் அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி. கூடவே பிஎஃப் கணக்கு விவரமும் சம்பளச் சீட்டும் வேண்டும். கான்ட்ராக்டில் போகிறவர்களுக்குச் சீட்டே தரமாட்டார்கள். அங்கேதான் பல கேஸ் விழுந்துபோகிறது.

எந்தக் கதவைத் தட்டினாலும் ஸ்பைரோமெட்ரி, அதாவது கருவியில் ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் பரிசோதனை, சரியாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இளைப்பு முற்றிய வாரத்தில் எடுத்த ரிப்போர்ட், "மருந்து எடுத்தால் சரியாகிவிடும்" என்று ஒதுக்கப்படும். நிலைமை சீராகி நான்கு வாரமாவது கழித்து எடுங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் இன்ஹேலர் பஃபை நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். ஆனால் திணறல் வந்தால் அடித்துக்கொண்டு, அதைச் சொல்லிவிடுங்கள். முதலில் ஊதிய பிறகு அதே மருந்தை 400 மைக்ரோகிராம், அதாவது நான்கு பஃப் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைக்க வேண்டும். இந்த இரண்டாம் பகுதி இல்லாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான். உயரத்தைச் செருப்பைக் கழற்றி அளந்தார்களா என்று பாருங்கள். குத்துமதிப்பாகப் போட்டால் சதவீதமே மாறிவிடும். மருந்துக்குப் பிந்தைய எஃப்இவி1, அதாவது முதல் ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்று, எதிர்பார்க்கும் அளவில் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் சிஓபிடி தீவிரம், 30-க்குக் கீழே மிகத் தீவிரம்.

அடுத்தது, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காட்டும் ஆக்ஸிஜன் சதவீதம். மலையில் இருக்கும் நமக்கு இதில்தான் குழப்பம். உதகை 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். நல்ல நுரையீரல் உள்ளவருக்கே 92 முதல் 96 வரை காட்டலாம். உதகை வீட்டில் 88 காட்டுகிறவர் கோவைக்கு இறங்கிப் பரிசோதித்தால் 93 காட்டி, "பரவாயில்லையே" என்று சீட்டு வாங்கி வருவார். ஆகவே, அளந்த ஊர், தேதி, உட்கார்ந்திருந்தபோதா நடந்தபோதா என்ற மூன்றையும் எண்ணோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வீட்டு ஆக்ஸிஜனுக்கு 88-ம் அதற்குக் கீழும் என்பதுதான் வழக்கமான வரம்பு. அதை ரத்தவாயு பரிசோதனை உறுதிசெய்ய வேண்டும்.

குளிரில் விறைத்த விரலில் ஆக்ஸிமீட்டர் பொய் சொல்லும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, உள்ளங்கையைத் தேய்த்துச் சூடேற்றி, மருதாணி இல்லாத விரலில் மாட்டுங்கள். திரையில் வரும் நாடித்துடிப்பு, மணிக்கட்டைப் பிடித்து எண்ணும் துடிப்போடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணைக் குறிக்காதீர்கள். விரலை மாற்றி மறுபடி பாருங்கள்.