வெப்பநிலை அளப்பவரின் நாட்குறிப்பு

2023 அக்டோபர் 3, செவ்வாய்

இங்கிலாந்தின் கல்ஹாமில், அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கப் பார்க்கும் எங்கள் ஜெட் இயந்திரத்தின் கட்டுப்பாட்டு அறையே இன்று கலகலப்பாக இருந்தது. காரணத்தை இங்கே எழுத முடியாது, முறையான அறிவிப்பு வரட்டும். டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற இரண்டு ஹைட்ரஜன் வகைகளை எரிபொருளாகக் கலந்து ஓட்டும் நாட்கள் இவை, இயந்திரம் ஓடும்போது அந்தக் கூடத்துக்குள் யாரும் கால் வைக்க முடியாது, வெப்பநிலை அளக்கும் என் லேசர் சற்று விலகினாலும் வெளியே உட்கார்ந்துதான் சரிசெய்ய வேண்டும்.

அக்டோபர் 8, ஞாயிறு

புதிதாக வந்திருக்கும் ஆராய்ச்சி மாணவி, இத்தனை வருஷமாக நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டாள். வெப்பநிலை அளந்தேன், அவ்வளவுதான்! பத்து கோடி டிகிரியைத் தாண்டும் பிளாஸ்மாவுக்குள், அதாவது எலக்ட்ரான்கள் அணுவை விட்டுப் பிரிந்து ஓடும் வாயுவுக்குள், எந்த வெப்பமானியையும் நுழைக்க முடியாது. லேசர் துடிப்பை உள்ளே விட்டால் எலக்ட்ரான்கள் அதில் துளியூண்டு ஒளியைச் சிதறடிக்கும், அவை எவ்வளவு வேகமாக ஓடுகின்றனவோ அந்த அளவுக்குச் சிதறிய ஒளியின் நிறம் அகன்றுவிடும், அந்த அகலம்தான் வெப்பநிலை. இதற்குத் தாம்சன் சிதறல் என்று பெயர்.

என்னைக் கேட்டால் இந்தத் துறையின் போக்கையே மாற்றியது ஒரு அளவீடுதான். 1958இல் இங்கிலாந்தின் ஹார்வெலில் ஸீட்டா இயந்திரம் அணுக்கரு இணைவைச் சாதித்துவிட்டது என்று பெரிதாக அறிவித்து, சில மாதங்களிலேயே அதை வாபஸ் வாங்கினார்கள். அப்படிச் சூடுபட்டவர்களிடம் 1968இல் சோவியத் விஞ்ஞானி ஆர்ட்சிமோவிச், பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் வளையமாக அடைத்துவைக்கும் எங்கள் டோகாமாக் இயந்திரம் டி-3 ஒரு கோடி டிகிரியைத் தொட்டுவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? நீங்களே வந்து அளந்து பாருங்கள் என்றார் மனிதர். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம், கல்ஹாம்காரர்கள் ரூபி லேசரையும் டன் கணக்கில் கருவிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு மாஸ்கோ போய் அளந்தார்கள், ரஷ்யர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. 1969இல் முடிவு வெளியானதும் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், ஸ்டெல்லரேட்டர் என்ற தங்கள் வேறு வகை இயந்திரத்தையே டோகாமாக்காக மாற்றிவிட்டார்கள். போன குழுவில் இருந்த டெரெக் ராபின்சன் அப்போது முப்பதைத் தொடாத இளைஞர், அதே ஸீட்டாவின் தரவுகளில் ஊறியவர், பிற்பாடு கல்ஹாமின் தலைவரானார்.

மாணவிக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன், அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.

டிசம்பர் 18, திங்கள்

ஜெட்டின் கடைசி பல்ஸ், அதாவது கடைசி ஓட்டம், எண் 1,05,842. 1983இல் முதல் பிளாஸ்மா கண்ட இயந்திரம். இதுநாள் வரை எது நடக்கக்கூடாது என்று காவல் காத்தோமோ அதையே கடைசியில் வேண்டுமென்றே செய்தார்கள்: தறிகெட்டு ஓடும் எலக்ட்ரான்களை உள்சுவர் மேல் பாயவிட்டார்கள், சுவர் எப்படிச் சேதமாகிறது என்று பார்க்க. எப்படியும் மூடப்போகிற இயந்திரத்தில்தான் இப்படிச் செய்து பார்க்க முடியும். நல்ல யோசனை.

2024 பிப்ரவரி 8, வியாழன்

இனி எழுதலாம். அக்டோபர் 3 அன்று 5 விநாடியில் 69 மெகாஜூல் இணைவு ஆற்றல், எரிந்தது 0.2 மில்லிகிராம் எரிபொருள். உலகச் சாதனைதான், ஆனால் வீட்டு மீட்டர் கணக்கில் அது 19 யூனிட், அதுவும் வெறும் வெப்பம். உள்ளே கொடுத்த சக்தி இதைவிட அதிகம் என்பதையும் செய்தி போடுகிறவர்கள் ஒரு வரி சேர்த்துப் போட்டால் குறைந்துவிட மாட்டார்கள். 1997இலும் இதே கதைதான், 24 மெகாவாட் கொடுத்து 16 எடுத்தோம்.

மதியம் மாணவி அக்டோபர் தரவோடு வந்தாள். பிளாஸ்மா விளிம்பில் இரண்டு புள்ளிகள் மட்டும் பக்கத்துப் புள்ளிகளோடு ஒத்துப்போகவில்லை. நைட்ரஜன் வாயுவை வைத்து எடுத்த கருவியின் அளவுத்திருத்தத்தை முதலில் பார் என்றேன். நாளை காலை இருவரும் உட்காருகிறோம்.