ஆறு முறை, மெதுவாக

கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழியில் படித்துவிட்டு, பாலக்காட்டில் எம்.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். தன் நீண்ட டி.என்.ஏ.வைப் பாக்டீரியா எப்படிச் சுருட்டி வைத்திருக்கிறது என்பதுதான் எங்கள் டீச்சரின் ஆய்வு. ஈ.கோலை என்ற பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட் டி.என்.ஏ.வை, அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறிய வட்ட டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் வேலை எனக்கு வந்தது. மூன்று முறை கெட்டு, நான்காம் முறை கைகூடியது.

1979இல் பிர்ன்பாய்ம், டோலி இருவரும் வெளியிட்ட செய்முறை அது. முதல் கரைசல் வரை சிக்கலே இல்லை. சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரமும் எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளும் கலந்த இரண்டாம் கரைசலில்தான் எல்லாம் இருக்கிறது. அதை விட்டதும் செல்கள் உடைந்து, கலங்கல் தெளிந்து, முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும். நன்றாகக் கலக்கட்டும் என்று குழாயைக் குலுக்கினேன். டி.என்.ஏ.வை ஓடவிட்டுப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லில் பட்டைகளே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே தீற்றல்.

டீச்சர் திட்டவில்லை. "உள்ளே எவ்வளவு நீளம் இருக்கிறதென்று கணக்குப் போட்டாயா?" என்று கேட்டார். ஈ.கோலையின் குரோமோசோமில் சுமார் 46 லட்சம் கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்). இணைக்கு 0.34 நானோமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வந்தது! செல்லின் நீளமோ சுமார் 2 மைக்ரோமீட்டர். அந்த நூலைக் குலுக்கினால் துண்டு துண்டாக அறுந்து பிளாஸ்மிட்டோடு கலந்துவிடும். அறுக்காமல் விட்டால், காரத்தைத் தணிக்கும் பொட்டாசியம் அசிடேட் கரைசலை ஊற்றியதும் புரதத்தோடு வெள்ளைத் திப்பியாகத் திரண்டு ஒதுங்கும். மூடிய வட்டமான பிளாஸ்மிட்டின் இரண்டு இழைகள் காரத்தில் பிரிந்தாலும் ஒன்றைவிட்டு ஒன்று போக வழியில்லை. காரம் தணிந்ததும் பழையபடி சேர்ந்துகொள்ளும்.

இரண்டாம் முறை, ஏ.சி. குளிரில் எஸ்.டி.எஸ். வெண்மையாகப் படிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. மூன்றாம் முறை ஐந்து நிமிடத்துக்கு மேல் காரத்திலேயே விட்டேன், பிளாஸ்மிட்டும் கெட்டது.

நான்காம் முறை குழாயை ஆறே முறை, குழந்தையைத் திருப்பிப் படுக்க வைப்பதுபோல் கவிழ்த்தேன்.

புற ஊதா விளக்கின் கீழ் ஜெல்லில் இரண்டு ஆரஞ்சுப் பட்டைகள், இரண்டுமே பிளாஸ்மிட்தான். எங்கள் வீட்டு மாட்டுக் கயிற்றைப் புரி தளரும் பக்கமாகத் திருகிக்கொண்டே போனால் தன்மேலேயே சுருண்டு குட்டையாகும். பாக்டீரியாவின் கைரேஸ் நொதி டி.என்.ஏ.வைத் திருகுவதும் அந்தப் பக்கமாகத்தான். அப்படிச் சுருண்டு கச்சிதமானது ஜெல்லில் முந்தி ஓடும். கீழே பளிச்சென்று தெரிந்தது அதுதான். மேலே மங்கலாக நின்றது, ஓர் இழை அறுந்து முறுக்கு அவிழ்ந்தது. அந்த மங்கலைக் குறைக்க முடியுமா என்று அடுத்த வாரம் பார்க்கப் போகிறேன்.