ஓரியூருக்குப் பயத்தோடு போனேன்

மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று பயாப்சி முடிவு வந்த அன்று, அம்மா அழவில்லை. இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "ஓரியூருக்குப் போய்விட்டு வருவோம்" என்றார். அறுவை சிகிச்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வேதசாட்சியான புனித அருளானந்தர் அந்த ஊரில் தலை கொடுத்தது ஒரு புதன்கிழமை என்பதால், புதனாகப் பார்த்துத் தேவகோட்டையில் பஸ் ஏறினோம்.

ஓரியூர் எனக்குப் புதிய ஊர் அல்ல. மூன்று வயதில் மஞ்சள்காமாலை முற்றி நான் கண் திறக்காமல் கிடந்தபோது, பிழைத்தால் ஓரியூரில் முடி இறக்குவதாக அம்மா நேர்ந்துகொண்டாராம். அந்த மொட்டைத் தலைப் புகைப்படம் இன்றும் வீட்டில் இருக்கிறது.

திருவாடானையைத் தாண்டியதும் சீமைக்கருவேலங்காடும் பனையும் வற்றிய கண்மாயுமாக வழி நீண்டது. அம்மா செபமாலை சொல்லிக்கொண்டே வந்தார். நானும் சொன்னேன். பத்து அருள்நிறைந்த மரியே முடிவதற்குள் மனம் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குத் தாவிவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். முந்தின வாரம் வீட்டுக்கு வந்து செபித்த ஒருவர், "பயம் வருகிறது என்றால் விசுவாசத்தில் குறை இருக்கிறது என்று அர்த்தம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மருந்தை நம்புவதும் அந்தக் குறையில் சேர்த்தியாம். நோயை விட அந்தச் சொல்தான் என்னை அதிகம் வதைத்தது. ஆண்டவர் படைத்தவர்தான் மருத்துவர் என்றும், மண்ணிலிருந்து மருந்தை விளைவித்தவரும் அவரே என்றும் விவிலியத்தில் சீராக் நூலின் 38-ஆம் அதிகாரம் சொல்வது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை.

கோயில் வளாகத்தில் கால் வைத்ததும் செம்மண். புனிதரின் இரத்தம் பட்டுச் சிவந்த மண் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. அதை நெற்றியில் பூசுகிறார்கள். நோயாளிக்கென்று பொட்டலம் கட்டி எடுத்துப்போகிறார்கள். எல்லாரும் கிறிஸ்தவர்கள் அல்லர். சுற்றுவட்டார ஊர்களின் இந்துக் குடும்பங்களும் குழந்தைக்கு முடி இறக்கவும், கிடா வெட்டிச் சமைத்து நாலு பேருக்குச் சோறு போடவும் வருகிறார்கள். அவர்களுக்கும் அவர் தங்கள் சாமிதான்.

மண் அள்ளும் இடத்தில் ஒரு மூதாட்டி குந்தியிருந்தார். கையில் பழைய தைல டப்பா. கைநிறைய மண்ணை எடுத்து, அதிலிருந்த சருகையும் சிறு கல்லையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட்டு, அரிசி புடைத்தெடுக்கிற கவனத்தோடு டப்பாவுக்குள் இட்டார். மகனுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்றார். "உனக்கு என்ன தாயி?" என்று கேட்டார். சொன்னேன். "பயமாக இருக்கிறதா?" ஆமாம் என்றேன். "இருக்கத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு, பொறுக்கிச் சுத்தம் செய்து வைத்திருந்த மண்ணில் ஒரு பிடியை என் கையில் கொட்டினார். அந்த ஒரு பதில்போல வேறெதுவும் அந்தப் பன்னிரண்டு நாளில் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அதுவரை அருளானந்தரின் வீரமே எனக்குக் கலக்கமாக இருந்தது. 1693 பிப்ரவரி 3 அன்று, ஓரியூர்ச் சிறையிலிருந்து, கரியை நீரில் கரைத்துத் துரும்பால் தொட்டுக் கடிதம் எழுதினார் என்பார்கள். மறுநாள் வரப்போகும் சாவை ஆவலோடு எதிர்நோக்கியிருந்தார். மறுநாள் சாம்பல் புதன். தலை வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 45. எனக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான். மயக்க ஊசியை நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. இப்படிப்பட்டவரிடம் நான் எந்த முகத்தோடு போய் நிற்பது?

கோயிலுக்குள் அம்மா முழந்தாளிட்டிருந்த நேரத்தில், சிறுவயதில் மறைக்கல்வியில் கேட்ட வேறொரு கதை நினைவுக்கு வந்தது. பிற்காலத்தில் அருளானந்தர் எனப்பட்ட ஜான் டி பிரிட்டோ லிஸ்பனில் 1647-இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது கடுமையாக நோயுற்றுச் சாகக் கிடந்தார். அவருடைய தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் அவனுக்கு ஓராண்டு இயேசு சபையாரின் அங்கி உடுத்திவிடுவேன் என்று. பிழைத்தார், ஓராண்டு அங்கியோடு திரிந்தார். பிறகு அந்த அங்கியையே தனக்கென்று எடுத்துக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அதே தாய்தான் அவரைப் போகவிடாமல் தடுக்க ஆளைப் பிடித்துப் பார்த்தார். முடியவில்லை. 1673-இல் கோவா வந்து சேர்ந்து, பண்டாரசாமி கோலத்தில் மறவர் நாட்டுக்குள் நடந்தார். அந்நாட்டு இளவரசர் தடியத்தேவர் தீராத நோயில் கிடந்தபோது நற்செய்தி வாசிக்கக் கேட்டுக் குணமானார். அவருக்குக் கொடுத்த திருமுழுக்கின் விளைவுதான் ஓரியூரில் நேர்ந்த சாவு.

மகன் கொல்லப்பட்ட செய்தி லிஸ்பனை எட்டியபோது, அரண்மனை நன்றி வழிபாட்டுக்கு அந்தத் தாய் துக்க உடையில் வராமல் திருநாள் உடையில் வந்தாராம். அன்று இரவு வீடு திரும்பி அந்த உடையைக் களைந்தபோது அவர் எப்படி இருந்திருப்பார் என்று முதல்முறையாக யோசித்தேன். பக்கத்தில் அம்மாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாளில் அன்றுதான் அழுதார்.

திருப்பலி முடிந்ததும், நோயாளிக்கு எண்ணெய் பூசி வேண்டும் நோயில்பூசுதலைக் கேட்கலாம் என்றேன். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. அவர் காலத்தில் அதற்குப் பெயர் அவஸ்தைப்பூசுதல்; சாமியார் எண்ணெயோடு வீட்டுக்கு வந்தால் அடுத்து பெட்டி செய்யச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று பழகியவர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அது நோயாளிக்குப் பலம் தரும் அருளடையாளமாகத்தான் முன்வைக்கப்படுகிறது. சாமியார் அதைப் பொறுமையாக அம்மாவுக்கு விளக்கினார். பிறகு என் தலைமேல் கை வைத்துப் பேசாமல் வேண்டினார். நெற்றியிலும் இரு உள்ளங்கையிலும் எண்ணெய் பூசினார். மண் ஒட்டியிருந்த கையைத் துடைக்க மறந்திருந்தேன். எண்ணெயில் மண் குழைந்து சிவந்தது. துடைக்கப் போனேன். "இருக்கட்டும்" என்றார்.

"சாமி, எனக்குப் பயமாக இருக்கிறது. அது பாவமா?" என்று கேட்டேன். "கெத்சமனியில் ஆண்டவர் என்ன கேட்டார்?" என்று திருப்பிக் கேட்டார். சாவுக்கு முந்தின இரவு, முடிந்தால் இந்தத் துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று இயேசு வேண்டினார். இரத்தத் துளிபோல வியர்த்ததாக லூக்கா எழுதுகிறார். எத்தனை குருத்து ஞாயிறில் அதை வாசிக்கக் கேட்டிருக்கிறேன்! பயந்தவர் ஆண்டவர்தான் என்று என் காதில் விழுந்ததே இல்லை. கிண்ணம் அகலவில்லை. ஆனால் அவர் அதைத் தந்தையிடம் கேட்டார். கேட்கலாம் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. குணமாவேன் என்ற உறுதி அன்று கிடைக்கவில்லை, இன்றும் இல்லை. பயத்தைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

அறுவை சிகிச்சையன்று காலையில் செவிலியர் தாலி, கம்மல், செபமாலை எல்லாவற்றையும் கழற்றி அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது என் வாயில் எந்தச் செபமும் முழுதாக வரவில்லை. 'அப்பா' என்று மட்டும் வந்தது. கதவு மூடும்வரை அம்மாவைப் பார்த்தேன். ஒரு கையில் என் நகைகள். மற்றொரு கை, மண் முடிந்து வைத்திருந்த முந்தானை முடிச்சை இறுகப் பிடித்திருந்தது.

இப்போது கீமோ நடக்கிறது. நான்கு முறை முடிந்திருக்கிறது. மாத்திரை டப்பாக்களுக்கு நடுவே அந்த மண் ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கிறது. தலைமுடி கொட்டத் தொடங்கிய வாரம், அம்மா பழைய மொட்டைத் தலைப் புகைப்படத்தை எடுத்துவந்து அந்தக் கிண்ணத்தின் மேல் சாய்த்து வைத்தார்.