பெண்பேயின் கணைக்கால்

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை வைத்து நான் வரைந்துவரும் காமிக்ஸில், பேய் முதன்முதலாகத் தலைகாட்டும் பக்கம் ஒருவழியாக முடிந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து ரேடியல் ரோட்டில் பைக்கில் வருகிறவன், ஓரத்துக் கோரைக்குள் யாரோ நிற்பதைப் பார்க்கிறான். கதை அவ்வளவுதான்.

வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல் பேயை வரைய மனமே வரவில்லை. சினிமாவில் பார்த்துப் பார்த்து அதற்குப் பயப்படுவதையே விட்டுவிட்டோம். அதைவிடப் பழைய பேய் நம்மிடம் இருக்கிறது. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டிலேயே காரைக்கால் அம்மையார் ஒரு பெண்பேயை அங்கம் அங்கமாகச் சொல்லிவிடுகிறார்: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், குழிவயிறு, சிவந்த தலைமயிர், நீண்ட இரண்டு பல், உயர்ந்த கணுக்கால், நீண்ட கணைக்கால். படம் போடுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்! கொம்பு, வால் எதுவும் கிடையாது. எல்லாம் மனித உறுப்புதான், அளவுதான் தப்பு. பயமே அங்கேதான் இருக்கிறது.

அதனால் முகத்தை விட்டுவிட்டுக் காலில் ஆரம்பித்தேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றரை மடங்கு நீளம் கொடுத்து, கணுக்கால் எலும்பை ஒரு விரற்கடை மேலே ஏற்றினேன். ஹெட்லைட் வெளிச்சத்தில் கோரைக்கு நடுவே அந்தக் கால் மட்டும் தெரியும். இது வலப்பக்கத்தின் கடைசிக் கட்டம். முகம் வேண்டுமென்றால் வாசகர் தாளைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

பென்சிலைப் பார்த்த அக்கா மகள், "சித்தி, மூஞ்சி பரவாயில்ல, அந்தக் கால் வேணாம்" என்றாள். காலை அப்படியே வைத்துக்கொண்டேன்.

மை போடுவதுதான் பெரிய வேலை. மழைக்கால ஈரத்தில் கார்ட்ரிட்ஜ் தாள் நமத்துப்போய், பிரஷ் வைத்த இடத்தில் இண்டியன் இங்க் பிசிறடிக்கும். தாளை ஹேர் டிரையரில் காட்டி, நன்றாகக் காய்ந்த பிறகே கறுப்பை நிரப்பினேன். இப்போது கோரையின் ஓரங்கள் கத்தி மாதிரி நிற்கின்றன.

அடுத்தது கொள்ளிவாய்ப் பிசாசு. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் நெருப்புக்கு நிறம் கொடுக்க முடியாது. தாளின் வெள்ளையை அப்படியே விட்டுச் சுற்றிலும் கறுப்படிக்கப் போகிறேன். சேற்றில் கிளம்பும் மீத்தேன் எரிகிறது என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் பைக்கைத் திருப்புகிறான். அந்தக் கட்டத்துக்கு வசனம் வைப்பதா, வெறும் படமாக விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.