பி-1ஏ (P-1A): ட்ரேட் வேறு, ரிலீஸ் வேறு

தம்பி திரும்ப விளையாடத் தொடங்கிவிட்டான். அந்த நிம்மதியில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எல்லையில் அவனைத் திருப்பி அனுப்பிய கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிள்ளையையோ சகோதரத்தையோ அமெரிக்காவில் ஐஸ் ஹொக்கி ஆட அனுப்புகிறவர்கள் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள்.

கல்லூரிக் காலம் பெரிய தலையிடி இல்லாமல் போனது. ஒன்ராறியோவில் ஜூனியர் ஏ லீக், பிறகு கல்லூரி தரும் ஐ-20 படிவம், எஃப்-1 மாணவர் அனுமதி, நாலு வருஷம் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு), பட்டம். ஓஎச்எல் என்ற ஒன்ராறியோ ஜூனியர் லீக்கில் ஆடினால் கல்லூரி ஹொக்கிக்குக் கதவு மூடிவிடும் என்பதால் அந்தப் பக்கமே அவனை விடவில்லை. 2025 ஓகஸ்ட் 1 முதல் அந்தத் தடை இல்லை. இப்போது சின்னப் பிள்ளைகள் வைத்திருக்கிறவர்களுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

பட்டம் முடிந்ததும் ஈசிஎச்எல் என்ற தொழில்முறை லீக்கின் அணி ஒன்று ஒப்பந்தம் தந்தது. எஃப்-1இல் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் ஓபிரி (OPT) என்ற வேலை அனுமதி, படித்த துறையோடு சேர்ந்த வேலைக்கு மட்டும்தான். அவன் படித்தது பொருளியல். ஆகவே அணிதான் ஐ-129 என்ற மனுவைப் போட்டு, விளையாட்டு வீரர்களுக்கான பி-1ஏ (சுருக்கமாக பி-1; வருகையாளருக்கான B-1 அல்ல) எடுத்தது. கனடியக் குடிமக்களுக்கு விசா முத்திரை தேவையில்லை, அங்கீகாரக் கடிதமான ஐ-797ஐ எல்லையில் காட்டினால் போதும். அதுவும் சுகமாக முடிந்தது.

பருவத்துக்கு 72 ஆட்டம். வெள்ளி, சனி, ஞாயிறு தொடர்ந்து மூன்று ஆட்டம் வரும், இடையில் இரவிரவாக பஸ் பயணம். கல்லூரியில் கிழமைக்கு இரண்டு ஆட்டம் ஆடிப் பழகிய உடம்பு அதற்குப் பழகிக்கொண்டிருந்த நேரம், மேல்படி லீக்கான ஏஎச்எல்லிலிருந்து இரண்டு ஃபோர்வேர்ட்களைக் கீழே அனுப்பினார்கள். இவனுக்கு இடமில்லை.

“அக்கா, என்னை விட்டிட்டாங்கள். வீட்டுத் திறப்பையும் கேக்கிறாங்கள்” என்று போன் எடுத்தான். வீடு அணி கொடுத்தது, ஒப்பந்தம் போனால் அதுவும் போகும். ஸ்காபரோவுக்கு வந்துவிட்டான்.

கிறிஸ்மஸ் முடிந்த கையோடு அதே லீக்கில் வேறொரு அணி கூப்பிட்டது. “பழைய ஐ-797 இருக்குத்தானே, அணி மாறினால் 30 நாள் சலுகை உண்டு, உடனே வரட்டும்” என்றார் அங்கே காரியம் பார்த்தவர். நம்பிப் புறப்பட்டோம். பீஸ் பாலத்தில், பஃபலோ பக்கம், உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி கடிதத்தைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்து, விண்ணப்பித்த பழைய அணியின் பெயர் இருக்கும் வரியில் விரலை வைத்தார். “இந்த அணி உன்னை ட்ரேட் செய்ததா (வேறு அணிக்குக் கைமாற்றியதா), விடுவித்ததா?” தம்பி உண்மையைச் சொன்னான். நுழைவு விண்ணப்பத்தை மீளப் பெறுவதாகக் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடுப்புப் பையும் மட்டைகளும் காரில் ஏற்றியபடியே கிடக்க, போர்ட் ஈரி வரைக்கும் அவன் வாயே திறக்கவில்லை.

பிறகு நாங்களே காசு கொடுத்துக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டோம். பி-1 வீரரை ஓர் அணி இன்னோர் அணிக்கு ட்ரேட் செய்தால், வேலை அனுமதி 30 நாள் தானாகத் தொடரும், அதற்குள் புது அணி புது ஐ-129 போட வேண்டும். விடுவிக்கப்பட்டுத் தனியாகப் போய் ஒப்பந்தம் செய்தவனுக்கு அந்த 30 நாள் கிடையாது. எச்-1பி வேலை விசாக்காரருக்கு வேலை போனால் கிடைக்கும் 60 நாள் அவகாசமும் பி-1க்கு இல்லை. விடுவித்த கடிதம் கைக்கு வந்தவுடனே “அடுத்த அணி புது மனு போட்டதா?” என்று கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், ரசீது எண்ணை வாங்குங்கள்.

புது அணி மெத்தனமாகவே இருந்தது. மனுவோடு தொழிற்சங்கத்தின் ஆலோசனைக் கடிதமும் போக வேண்டும். ஏஎச்எல், ஈசிஎச்எல் வீரர்களுக்கான சங்கம் பிஎச்பிஏ, தலைமையகம் இங்கே ஒன்ராறியோவில்தான். அணி கேட்கும் என்று காத்திராமல் தம்பியே அவர்களோடு பேசினான், அதன்பிறகுதான் காரியம் நகர்ந்தது. விரைவுக் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளுக்குள் பதில் வரும். அந்தக் கட்டணத்தை அணிதான் கட்ட வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றோம், கட்டினார்கள். அந்த இடைவெளியில் சம்பளம் ஒரு சதமும் இல்லை, அதற்கும் தயாராக இருங்கள். எல்லை தாண்டியதும் இணையத்தில் ஐ-94 என்ற நுழைவுப் பதிவை எடுத்து, வகை பி-1 (P-1) என்று பதிந்திருக்கிறதா, திகதி சரியா என்று பாருங்கள். வருகையாளர் என்று பதிந்திருந்தால் ஆட முடியாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. பி-1 வீரரை ஒப்பந்தக் காலம் முடியமுன் அணியே விடுவித்தால், ஊர் திரும்பும் நியாயமான செலவை அணிதான் ஏற்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். தானாக விலகினால் கிடைக்காது. ஆகவே ‘இருதரப்புச் சம்மதத்தோடு விலகுகிறேன்’ என்று தாள் நீட்டினால், யோசிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். தம்பி போடவில்லை. முதல் அணி ‘அப்படி ஒன்றும் இல்லை’ என்றே முதலில் எழுதியது. சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, பெற்றோல், தங்குமிட ரசீதுகளை இணைத்து மின்னஞ்சல் போட்டேன். போன கிழமை காசு வந்து சேர்ந்தது.