மூன்று நட்சத்திர டால்டா

பொருளாதார ஆய்வு மாணவியாக இருந்த காலத்தில் நான் அதிகம் கும்பிட்டது நட்சத்திரங்களைத்தான். வானத்தில் இருப்பவை அல்ல, முடிவு அட்டவணையில் குணகத்துக்கு, அதாவது ஒரு காரணியின் விளைவு எவ்வளவு என்று காட்டும் எண்ணுக்கு, பக்கத்தில் விழுமே, அவை. முடிவு தற்செயலாக வந்ததாக இருக்க வாய்ப்புக் குறையக் குறைய நட்சத்திரம் கூடும். மூன்று விழுந்தால் அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம்.

என் கேள்வி எளிமையானது. இந்தியா–இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதனால் வியாபாரம் கூடியதா? கூடியதென்றால் எவ்வளவு? கருவி, ஈர்ப்பு மாதிரி (gravity model). நியூட்டன் கணக்கேதான்: இரண்டு நாட்டுப் பொருளாதாரமும் பெரிதானால் வியாபாரம் கூடும், தூரம் கூடினால் குறையும். 1962-இல் இதை வைத்து உலக வர்த்தகத்தை அளந்து பார்த்த யான் டின்பெர்கன், இயற்பியல் படித்துவிட்டுப் பொருளாதாரத்துக்கு வந்தவர். ஒப்பந்தத்துக்கு ஒரு நிரல் போட வேண்டும்; அமலுக்கு முன் 0, பின் 1. அந்த நிரலின் குணகம்தான் விடை. (அது 0.5 என்று வந்தால் 50 சதவீதம் என்று எழுதிவிடக் கூடாது. மாதிரி வியாபாரத்தின் மடக்கையில் (log) ஓடுவதால், அடுக்குக்குறி ஏற்றிப் பார்த்தால் 65 சதவீதம் வரும். என் முதல் கருத்தரங்கில் நான் 50 என்றேன், முன்வரிசையில் ஒருவர் சிரித்தார்.)

தரவைத் திறந்ததுமே கடுப்பு. தலைநகருக்குத் தலைநகர் அளந்தால் டெல்லியிலிருந்து கொழும்பு சுமார் 2,400 கிலோமீட்டர். எங்கள் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கடல்வழி 300 கூட வராது. மொழிக்கும் ஒரு நிரல் உண்டு. பலரும் எடுத்தாளும் பிரெஞ்சுத் தரவுத்தொகுப்பில், இரண்டு நாட்டிலும் குறைந்தது 9 சதவீதம் பேர் பேசினால்தான் பொதுமொழி. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6 சதவீதத்துக்கும் குறைவு. ஆக யாழ்ப்பாணத்தானும் தூத்துக்குடிக்காரனும் பேசிக்கொள்ளும் தமிழுக்கு அந்த நிரலில் 1 கிடையாது. நாட்டு ஜோடிக்கு ஒரு நிலைவிளைவு, அதாவது அந்த ஜோடியில் ஆண்டுக்கு ஆண்டு மாறாத எல்லாவற்றையும் விழுங்கும் நிரல், போட்டால் தூரம், மொழி எல்லாம் அதற்குள் கரைந்துவிடும், முடிவுக்குச் சேதமில்லை. தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

வியாபாரமே நடக்காத ஆண்டில் சுழியத்துக்கு மடக்கை எடுக்க முடியாது. ஒன்றைக் கூட்டி ஒப்பேற்றுவது அந்தக்கால வழக்கம். 2006-இல் சாந்தோஸ் சில்வா, டென்ரேரோ இருவரும் மடக்கையே வேண்டாம், சுழியத்தையும் அப்படியே ஏற்கும் பாய்சான் முறையில் மதிப்பிடுங்கள் என்று எழுதிய பிறகு அந்தத் தலைவலி தீர்ந்தது. நானும் அதைத்தான் செய்தேன்.

இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வரும் ஏற்றுமதிக்கு விழுந்தன, மூன்று நட்சத்திரம். விழாமல் எப்படி இருக்கும்? 2000-இல் 6 கோடி டாலர் அளவில் இருந்தது, 2005-இல் 55 கோடியைத் தாண்டியிருந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் வரைபடத்தைக் காட்டினேன், பெருமையடிக்கத்தான். முப்பது வருஷம் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிக்கான சுங்கப் படிவம், போட்டவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த 2005 சிகரத்தில் விரலை வைத்தார்.

"ஏ பிள்ள, இது டால்டால்லா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லித் தந்தார். அப்போது இந்தியாவில் பாமாயிலுக்கு இறக்குமதி வரி எக்கச்சக்கம், இலங்கையில் கம்மி. ஒப்பந்தப்படி இலங்கையில் 35 சதவீதம் மதிப்புக் கூட்டினால் சரக்கு வரியில்லாமல் இந்தியாவுக்குள் வரலாம். விட்டுவைப்பார்களா? இந்திய முதலாளிகளே அங்கே போய் ஆலை போட்டார்கள். மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து பாமாயில் கொழும்பில் இறங்கும், வனஸ்பதியாகி, அதாவது டால்டாவாகி, இந்தியாவுக்கு வரும். செம்பிலும் இதே கூத்து. இங்கே உள்ளூர் ஆலைக்காரர்கள் கத்தவே, இந்தியா வனஸ்பதிக்கு ஆண்டு அளவு வரம்பு வைத்தது. 2008 ஏப்ரலில் கச்சா பாமாயில் வரியையே இந்தியா எடுத்துவிட, சுற்றிக்கொண்டு வர வேண்டிய அவசியமும் போயிற்று.

"ஒப்பந்தத்தால வியாபாரம் கூடிச்சுன்னு எழுதிருக்க. சரிதான். யாரு வியாபாரம்னு எழுதலியே?"

அன்றைக்கு ராத்திரியே மொத்தத் தொகையைத் தூக்கி வைத்துவிட்டு, சுங்கக் குறியீட்டு அத்தியாயம் வாரியாகத் தரவை இறக்கினேன். 15 எண்ணெய், கொழுப்பு. 74 செம்பு. இரண்டையும் கழித்துவிட்டு ஓட்டினால் குணகம் சுருங்கிப் போயிருந்தது. மாதிரி பொய் சொல்லவில்லை. 0, 1 போட்ட நிரலுக்கு ஒப்பந்தமும் தெரியாது, இரண்டு நாட்டு வரிக்கு நடுவே இருந்த சந்தும் தெரியாது. அந்தச் சந்தைத் தனி மாறியாகப் போட வேண்டியது நான். மூன்றாம் நாட்டுச் சரக்குக்கு இரண்டு நாடும் போட்ட வரியின் வித்தியாசத்தைப் பொருள் வாரியாகச் சேர்த்து, ஆய்வேட்டின் அந்த அதிகாரத்தை முழுசாகத் திருப்பி எழுதினேன். ஒன்பது மாதம் பிடித்தது. நெறியாளர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தப் பொங்கல் ராத்திரிக்கு மறுநாள் காலையில் காபியோடு பெரியப்பா மறுபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டையும் கழித்த பிறகும் கோடு கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

"இது நெசமான ஏத்தம். ஒம்பதாம் அத்தியாயத்தத் தொற. மிளகு இருக்கும்."

திறந்தேன். இருந்தது.